தறிக்கூடத்தில் ஆறடி மேஜை

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டே முக்கால் மணி. படம் அச்சடிக்கிற துத்தநாகத் தகட்டில் பாதிக் கோடுதான் கீறியிருந்தேன். ஊசியை அதன் மேலேயே வைத்துவிட்டு, மேஜை விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் சாயந்திரம் போனபோது ஊசி வைத்த இடத்திலேயே இருந்தது. விட்ட கோட்டிலிருந்து தொடர்ந்தேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கு இருக்கிறது. எனக்கு 43 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வரைகிறேன். செய்துகொண்டிருக்கும் வேலையை எடுத்து வைக்காமல் அப்படியே விட்டுவிட்டு வர முடிந்தது, ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூடத்தில் எனக்கென்று மேஜை கிடைத்த இந்த ஒன்றரை வருஷமாகத்தான்.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறை. முன்னறையில் மாமியாரும் பையனும். பின்னறையில் நானும் வீட்டுக்காரரும், பீரோ, தையல் மெஷின், அரிசி டிரம். பத்து மணிக்கு எல்லோரும் படுத்தபிறகு சமையல்கட்டுத் தரையில் பழைய காலண்டர் அட்டையை வைத்து வரைவேன். விடிகாலையில் மாமியார் காபிக்கு எழுந்து வந்துவிடுவார். அதற்குள் கலர், தண்ணீர், பிரஷ் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயிருக்க வேண்டும். இருபது வருஷம் இப்படித்தான். யாரும் என்னை வரையாதே என்று சொன்னதில்லை. வீட்டுக்காரர் ஜவ்வரிசி மில்லில் வேலை பார்க்கிறார். களைத்துப்போய்த்தான் வருவார், ஆனாலும் 'லைட்ட அணை' என்று ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இடம்தான் இல்லை.

இடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிகிற படத்தைத்தான் கை தொடங்கும். மூன்று நாள், பத்து நாள் கேட்கிற படம் மனசில் வந்து நிற்கும், ஆரம்பிக்காமலே போய்விடும். சில வருஷத்தில் அப்படிப்பட்ட படங்கள் மனசில் வருவதும் நின்றுபோனது. என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் இது தெரிகிறது. 2005 வாக்கில் வரைந்தவை முழு சார்ட் அளவு. அப்புறம் பாதி, அப்புறம் கால், கடைசியில் உள்ளங்கை அளவு.

அப்பா பட்டுத்தறி நெய்தவர், சேலத்து வெண்பட்டு வேட்டி. எனக்கு 19 வயதில் தறியை விற்றார். நான் ஓவியத்துக்கான ஃப்ரீஹேண்ட் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் பாஸ் செய்து, டி.டி.சி. என்கிற ஆசிரியர் பயிற்சியும் முடித்து வீட்டில் இருந்தேன். 2012ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 2024ல் அது 12,500 ஆகியிருந்தது. சம்பளத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அதில் மாதம் 2,000 ரூபாய் கொடுத்து ஒரு மேஜையை எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய பேச்சாக இருந்திருக்கும் என்று நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2019ல் சென்னையில் ஐந்து நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிப் போனேன். அங்கேதான் எச்சிங் கற்றுக்கொண்டேன். துத்தநாகத் தகட்டில் மெழுகும் தாரும் கலந்த பூச்சைப் பூசுவார்கள். காய்ந்ததும் ஊசியால் கீற வேண்டும். ஆசிட்டில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அது தின்னும். பூச்சைக் கழுவிவிட்டு மையைத் தேய்த்து, மேலே இருப்பதைத் துணியால் வழித்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். நனைத்த காகிதத்தை மேலே போட்டு, கம்பளி மூடி, இரண்டு இரும்பு உருளைக்கு நடுவே அழுத்தி இழுத்தால், காகிதம் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். கோட்டைத் தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படும். முதல் காகிதத்தை உரித்து எடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பென்சிலால் போட்ட கோடு எதுவும் எனக்கு அப்படித் தட்டுப்பட்டதில்லை.

ஆனால் அந்த உருளை வேண்டும். பிரஸ் இல்லாமல் எச்சிங் இல்லை. நான்கு வெறும் தகடுகளை வாங்கிக்கொண்டு சேலம் வந்தேன். செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில். ஐந்து வருஷம்.

2024 மே மாதம், வெயில் தாங்காமல் வீட்டைப் புரட்டித் துடைத்த ஒருநாள் அவற்றை எடுத்துப் பார்த்தேன். துத்தநாகம் ஈரம் பட்டால் வெள்ளை பூத்துவிடும். பாலிஷ் போட்டால் சரியாகும் என்று செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பாலிஷ் போடுகிற ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்கார அண்ணன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதே மாதிரி தகடு குகை ஏரியாவிலிருந்து ஒருத்தர் கொண்டாருவாருங்க. படம் அச்சுப் போடறாங்களாம். நீங்களும் அவிங்க ஆளுதானா?"

ஐந்து வருஷமாக நான் ரயில் ஏறினால்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்த பிரஸ், என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இருந்தது.

மறுநாளே போனேன். குகையில் ஒரு சந்து, ஓடு போட்ட நீளமான கட்டடம். ஒரு காலத்தில், தரையில் குழி வெட்டிப் போட்ட ஆறு குழித்தறி ஓடிய கூடம். பெயர்ப்பலகை கிடையாது, தெருவில் கேட்டாலும் 'அந்தத் தறிக்கூடம்' என்றுதான் கை காட்டினார்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் எனக்கு அப்பா வீட்டு வாசனை அடித்தது. கஞ்சி, எண்ணெய், பழைய மரம். அதற்குமேல் மையும் டர்பன்டைனும். நான்கு குழிகளை மூடிச் சிமென்ட் பூசியிருந்தார்கள். இரண்டை மட்டும் பலகை போட்டு அப்படியே விட்டிருந்தார்கள். நடுக்கூடத்தில், முன்பு பாவு நூல் நீண்டு கிடந்த இடத்தில், கறுப்பாக அந்த பிரஸ். நெத்திமேட்டில் ஒரு லேத் பட்டறையில் செய்ததாம். முதலில் சேர்ந்த நான்கு பேர் பணம் போட்டுச் செய்தது.

இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுப் பகலில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிற அண்ணன் ஒருவர், பிரஸ் அவர் பொறுப்பு. சுடுமண் வேலை செய்யும் அக்கா. கடைகளுக்கு போர்டு எழுதி வாழ்ந்து, ஃப்ளெக்ஸ் வந்தபிறகு அந்த வேலை போய், எழுத்துகளையே படமாக வரையும் அண்ணன். தம்மம்பட்டியில் தலைமுறையாக மரச்சிற்பம் செய்யும் வீட்டிலிருந்து வந்து, அதே உளியால் வுட்கட், அதாவது படம் அச்சடிக்கும் மரக்கட்டை, செதுக்கும் தம்பி. மற்றவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சேருவதற்கு என்ன கேட்பார்கள் என்று பயந்து, படங்களில் நல்லதாகப் பத்து பொறுக்கி, ஃபைல் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஃபைலை வாங்கி எல்லோரும் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்விகள் வேறு. வாரத்தில் எந்தெந்த நாள் வருவீங்க? மழைக்காலத்தில் ஓடு ஒழுகும், வந்து காகிதத்தையெல்லாம் தூக்கி வைக்க முடியுமா? கக்கூஸ் கழுவும் முறை மாசத்துக்கு ஒருதடவை வரும், பரவாயில்லையா? ஒரு மாசம் பணம் கட்ட முடியாவிட்டால் முன்னாடியே வாய்விட்டுச் சொல்வீங்களா? இந்தக் கடைசிக் கேள்வியை அந்த அக்கா கேட்டார். "சொல்லாம ஒளிஞ்சுக்கிட்டவங்கதான் போயிட்டாங்க. சொன்னவங்க யாரும் போகல" என்றார்.

அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்து இருக்கச் சொன்னார்கள். கூட்டுவது, காகிதம் நனைத்து அடுக்குவது, மற்றவர்கள் அச்சு எடுக்கும்போது கம்பளியைப் பிடிப்பது. மூன்றாவது ஞாயிறு டீ குடித்துக்கொண்டே ஒவ்வொருவராகச் 'சரி' என்றார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் சேர்க்க மாட்டார்கள். எனக்கு வடக்குச் சுவர் ஓரமாக ஆறடி நீள மேஜை கொடுத்தார்கள். யாரோ முன்பு விட்டுப்போன மேஜை, விளிம்பெல்லாம் நீல மை.

வீட்டில் சொன்ன அன்று அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "2,000 ரூபாயா" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, "எத்தன மணிக்குத் திரும்புவ?" என்றார். ஒன்பதரை என்றேன். "பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன்" என்றார். முதல் இரண்டு மாதம் நின்றார். இப்போது மழை நாளில் மட்டும் வருகிறார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக வரச் செலவு இல்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். தினம் நாற்பது ரூபாய் ஆகும் என்றால் நான் சேர்ந்தே இருக்க மாட்டேன்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஒன்பது பேர், ஆளுக்கு 2,000, மொத்தம் 18,000. வாடகை 13,000. மீதியில் கரண்ட், தண்ணீர், ஆசிட், துணி, சோடா. மிஞ்சுவது ரிப்பேர் டப்பாவுக்குப் போகும். அது போதாது. பிரஸ்ஸின் கம்பளி தேய்ந்தால் புதிது வாங்கவே தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்காகச் சேர்ந்து வேலை செய்கிறோம். லினோ என்கிற மெத்தென்ற விரிப்பில் படத்தை வெட்டிக் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் கொடுக்கிறோம், துணிப்பைகளில் அச்சுப் போடுகிறோம், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். அந்தப் பணம் யார் வீட்டுக்கும் போகாது, டப்பாவுக்குத்தான்.

இந்த யோசனை எங்களுடையது இல்லை. பிரஸ் அண்ணன் சோழமண்டலத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் என்ற அந்த ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அந்த நிலத்தைப் பெரிய மனிதர் யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. மெழுகு தொட்டுச் சாயம் போடும் 'பாட்டிக்' துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற காசில் வாங்கினார்கள். சித்திரம் விற்காத காலத்தில் கை தெரிந்த வேலையை விற்று, சித்திரத்துக்கு இடம் வாங்கியிருக்கிறார்கள். பத்திரிகை அச்சடிக்கும் நாளில் முதுகு வலிக்கும்போது எனக்கு இதுதான் தெம்பு. சேலத்துக்கும் இது புதிதில்லை. ஒரு கொலுசு எத்தனை வீடு ஏறி இறங்குகிறது! கம்பி இழுப்பது ஒரு வீடு, வளையம் கோப்பது ஒரு வீடு, பற்றவைப்பு ஒரு வீடு, பாலிஷ் ஒரு வீடு. ஓவியர்களான நாங்கள்தான் தனித்தனிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தோம்.

சண்டையே வராதா என்றால், வரும். கிரைண்டர் சத்தத்துக்காக வந்தது, கழுவாத பிரஷ்ஷுக்காக வந்தது. ஒருவர் விலகியே போனார். அதையெல்லாம் விடுங்கள். நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

சேர்ந்து மூன்றாவது மாதம், செப்டம்பர். கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். அன்றைக்குத்தான் புது ஆசிட் கலந்திருந்தோம், வேகம் அதிகம். தகட்டை டிரேயில் இறக்கியதும் பையனிடமிருந்து போன். பாட்டிக்கு மயக்கமாக இருக்கிறது, சுகர் குறைந்துவிட்டது போல என்றான். உள்ளே சிக்னல் விட்டு விட்டு வந்ததால் பேசிக்கொண்டே சந்துக்கு வந்துவிட்டேன். என்ன கொடுக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி, மாமியார் குரலைக் கேட்டு மனசு ஆறி உள்ளே திரும்ப 25 நிமிஷம் ஆகியிருந்தது. மூலையில் பழுப்புப் புகை. துத்தநாகத்தை நைட்ரிக் ஆசிட் வேகமாகத் தின்றால் வருகிற புகை அது. மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். எனக்குத் தொண்டை எரிய ஆரம்பித்துவிட்டது. கை நடுங்கியது. அந்த நேரம் பார்த்துத் தம்மம்பட்டித் தம்பி வந்தான். "வெளிய போங்கக்கா" என்று கத்திவிட்டு, ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு போய் ஜன்னல்களைத் திறந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கையுறை போட்டுத் தகட்டை எடுத்தான். கோடெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அவனுக்கு இரண்டு நாள் இருமல் இருந்தது. தகடு போனது எனக்கு ஒன்றுமில்லை. அந்த இருமலை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்தோம். விலகிக்கொள்கிறேன் என்றேன். சுடுமண் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு பண்ணினவங்களுக்குத்தான் அந்த மூலை எவ்ளோ ஆபத்துன்னு உடம்புல தெரியும். இனிமே புதுசா வர்றவங்களுக்கு ஆசிட் வேலைய நீயே சொல்லிக்கொடு" என்றார். ரிப்பேர் டப்பாவைத் திறந்து 3,400 ரூபாய்க்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கினோம். ஆசிட் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், வேலை செய்பவரின் போன் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும் என்று சுவரில் எழுதினோம். போர்டு அண்ணன்தான் எழுதினார், சிவப்பில்.

அன்றிலிருந்து அந்த மூலை என் பொறுப்பு. பாலிஷ் பட்டறை அண்ணன் ஒருநாள் வந்து, ஆசிட் கேனைத் தூக்குவது, சாய்ப்பது, மூடுவது எல்லாம் காட்டிக்கொடுத்தார். வெள்ளி வேலைக்காரர்களுக்கு இது தினப்படி. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. வேலை முடிந்த ஆசிட்டைச் சமையல் சோடா போட்டு, நுரை அடங்கும்வரை ஆற்ற வேண்டும். தகட்டின் கோடுகளில் சின்னச் சின்னக் குமிழி கட்டும். அதைக் கலைக்காவிட்டால் ஆசிட் சமமாகத் தின்னாது, கோடு பல் பல்லாகிவிடும். குமிழியைக் கலைக்கப் பிரஷ் ஆகாது, பூச்சைச் சுரண்டிவிடும். இறகுதான் வேண்டும். எங்கள் ஓட்டுக்கூரையில் புறாக்கள் இருக்கின்றன. தரையில் விழுகிற இறகுகளைப் பொறுக்கி ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்திருக்கிறேன். டிரேயின் மேல் குனியாமல், கையை நீட்டி, தண்ணீரில் கோலம் இழுப்பது போல இறகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்க வேண்டும். குமிழிகள் வரிசையாகக் கிளம்பி மேலே வரும். அந்த நேரத்தில் நானும் பக்கத்தில் நிற்பவரும் பேசுவதில்லை.

மை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த ஊர்க்காரியாக எனக்குப் பெருமையான விஷயம். மை தளர்ந்து ஒழுகினால் கெட்டியாக்க வெள்ளைப் பொடி ஒன்று கலப்போம். மக்னீசியம் கார்பனேட். ஓமலூர்ப் பக்கம் ரயிலில் போனால் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற கரடு இருக்கிறதே, சின்ன வயதில் சுண்ணாம்பு மலை என்று நினைத்துக்கொண்டிருந்தது, அது மேக்னசைட். பக்கத்து ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர். இரண்டும் அடிப்படையில் ஒரே பொருள். நாங்கள் கெமிக்கல் கடையில் சுத்தம் செய்த பொடியாகத்தான் வாங்குகிறோம். ஆனாலும் அதைக் கத்தி முனையில் எடுத்து மையில் குழைக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கரடு கண்ணில் வரும்.

சேர்ந்த புதிதில், கிளம்பும்போது என் மேஜையைப் பழைய புடவையால் மூடிவிட்டுப் போவேன். நான்கைந்து மாதம் கழித்து போர்டு அண்ணன் கேட்டார், "தூசிக்கு மூடறீங்களா, எங்களுக்கு மூடறீங்களா?" தூசிக்குத்தான் அண்ணா என்றேன். பொய். அரைகுறையாக இருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. வீட்டில் இருபது வருஷப் பழக்கம்.

அவர் மேஜை என் மேஜைக்கு எதிரே. அவருடைய குருநாதர் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவில் பின்திரை வரைந்தவர் என்று சொல்வார். அப்போது ஐந்தடிப் பலகையில் ஒற்றை 'ழ' எழுதிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து, அவ்வளவுதான். எழுதிவிட்டுத் தூரப்போய் நிற்பார், வந்து அழிப்பார். நான் தினமும் போகும்போது அந்த 'ழ' மாறியிருக்கும். ஒருநாள் கீழே இறங்குகிற வால் பருத்திருக்கும், மறுநாள் இளைத்திருக்கும். வயிற்றுப்பக்கம் வளைவு ஒருநாள் உடைந்தது போல இருக்கும். பதினொரு நாள். எந்தக் கண்காட்சியிலும் எனக்கு இது கிடைத்ததில்லை. அங்கே முடிந்ததைத்தான் மாட்டுவார்கள். ஒருவர் எங்கே தயங்கினார், எதை விட்டுக்கொடுத்தார், எதை விடவே மாட்டேன் என்றார் என்பதெல்லாம் முடிந்த படத்தில் மறைந்துவிடும். முப்பது வருஷம் கை பழகிய மனிதர் ஒரு வளைவைப் பத்து தடவை தப்பாகப் போடுவதைப் பார்த்ததில் நான் கற்றது எந்தப் பயிற்சி முகாமிலும் கற்றுக்கொள்ளாதது. பன்னிரண்டாவது நாள் நான் புடவையை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து மடித்துவிட்டேன்.

இந்த ஆடியில் வண்டி வேடிக்கை அன்று கூடத்தைத் திறந்து வைத்தோம். குகைக்கு ஆடித் திருவிழாவில் வந்தவர்களுக்குத் தெரியும், சாமி வேஷம் போட்டவர்கள் வண்டியில் வருவதைப் பார்க்கத் தெருவே அடைத்துக்கொண்டு நிற்கும். நிற்க இடமில்லாமல் எங்கள் திண்ணையில் ஏறியவர்கள் மெல்ல உள்ளே வந்தார்கள். பிள்ளைகளுக்குச் சின்ன லினோக் கட்டையில் மயில் அச்சுப்போட்டுக் கொடுத்தோம். ஒரு அம்மா பிரஸ்ஸின் சக்கரத்தைத் தானே சுற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டார். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரே சீராக, நிறுத்தாமல் சுற்றினார். எங்களில் யாருக்கும் அவ்வளவு சீர் வராது. "தறி ஆட்டின கை" என்றார் கூட வந்தவர்.

வருஷக் கடைசியில் எங்களுக்குள் ஒரு பரிமாற்றம் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு படத்தைப் பத்துப் பிரதி எடுக்க வேண்டும். ஒன்பது எங்களுக்கு, பத்தாவது கூடத்தின் சொந்தக்காரத் தாத்தாவுக்கு. அவர் கூடத்துக்குப் பின்கட்டில் இருக்கிறார். வீட்டுக்குள் கன்னடம், எங்களிடம் தமிழ். இந்தக் கூடத்தில் ஐம்பது வருஷம் நெய்தவர். தறி இல்லாமல் போனபிறகும் விளக்கு வைக்கும் நேரத்தில் உள்ளே வந்து, மாடத்தில் ஒரு தீபம் ஏற்றிவிட்டுப் போவார்.

நான் இந்த வருஷம் எடுத்தது அப்பாவின் கால்கள். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டிருப்பார். பார்ப்பவர்களுக்கு இடுப்புக்கு மேலேதான் தெரியும். சின்ன வயதில் குழிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்த இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். மேலே நாடா ஓடும், கீழே பாதங்கள் மாறி மாறி மிதிக்கட்டையை அழுத்தும். அதை வரைய, மூடாமல் விட்ட குழிகளில் ஒன்றின் பலகையை நகர்த்தி, உள்ளே இறங்கி உட்கார்ந்து, தரை மட்டத்திலிருந்து கூடத்தைப் பார்த்தேன். என் வாழ்நாளில் எடுத்த பெரிய தகடு, ஒன்றரை அடிக்கு ஒரு அடி. மேலே, பூ வேலைக்கு நூலைத் தூக்கிக் கொடுக்கிற ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும் அட்டைகள், நடுவில் தரைக்கோடு, அதற்குக் கீழே குழி, இருட்டு, பாதங்கள். இரண்டு மாத வேலை. கட்டிலுக்கு அடியில் இது பிறந்திருக்காது.

முதல் புரூஃப், அதாவது சோதனை அச்சு, எடுத்துக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு வந்திருந்தேன். மூடவில்லை. மறுநாள் நான் போனபோது தாத்தா விளக்கு ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காகிதத்துக்கு மிகப் பக்கத்தில் முகத்தை வைத்து நின்றிருந்தார். நான் பேசாமல் பின்னால் நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்கப்பனா கண்ணு?"

"ஆமாங்க தாத்தா."

"பெருவிரல் நல்லா வந்திருக்கு. மிதிச்சு மிதிச்சு அப்படித்தான் வெளிய சாயும்." தன் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காட்டினார். சாய்ந்துதான் இருந்தது. அப்புறம் விரலை நீட்டி, மேலே இருந்த பெட்டியைத் தொடாமல் தொட்டு, நேராகக் கீழே குழிவரைக்கும் கோடு இழுத்தார்.

"பெட்டி வெச்சிருக்க. அட்டை வெச்சிருக்க. ரெண்டு மிதிதான் இருக்கு. ரெண்டும் பூவில்லாத தரைநெசவுக்கு ஆச்சு. பெட்டிய எது தூக்கும்?"

மூன்றாவது மிதிக்கட்டை. நான் மறந்தே போயிருந்தேன். தாத்தா சொன்ன நிமிஷத்தில் அந்தச் சத்தம் காதில் கேட்டது. மற்ற இரண்டும் தப்புத் தப்பென்று இருக்கும். இது மட்டும் கனமாக, மேலே பெட்டியில் ஊசிகள் கலகலவென்று ஏறி இறங்க. அப்பா அதற்கு மட்டும் காலை ஒரு சாண் தள்ளிப் போடுவார்.

நல்லவேளை, தகட்டில் இன்னும் சேர்க்கலாம். பழைய கோடுகளை மூடுகிற மாதிரி மறுபடியும் பூச்சுப் பூசினேன். போன செவ்வாய்க்கிழமை பாதியில் விட்டுவந்தது அந்த மிதிக்கட்டையைத்தான். மரத்தின் ரேகை, கயிறு கட்டிய முனை எல்லாம் புதன்கிழமை முடிந்தது. வலது பாதத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது, அதைச் சுரண்டி எடுக்க வியாழன் முழுக்க ஆனது. நாளைக்கு ஆசிட். டம்ளரில் இறகு இருக்கிறது. தம்பி ஆறரைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான், என் போனை அவனிடம் கொடுத்துவிடுவேன்.